தொதலில் கிண்டிய தெரு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் இரண்டு கண்ணும் அவிந்து போகட்டும். வலது கண் ஏற்கெனவே போய்விட்டதால் இடது கண்ணை முன்வைத்தே சத்தியம் செய்கிறேன்.

தொண்டியில் நான் பஸ் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காலத்தில் ஹமீது சுல்தான் தொதலில் சிற்பம் செய்துவந்தார். அரிசிமாவு, கருப்பட்டி, தேங்காய்ப்பால் சேர்ந்த அல்வா மாதிரி இனிப்பு. கை ஓயாமல் கிண்டி, சூடு ஆறுவதற்குள் கட்டடமாக எழுப்பிவிடுவார். எதைச் செய்தாலும் அதன் வரலாறும் உள்ளே இருக்க வேண்டும். மிளகு அடுக்கிய கிட்டங்கி என்றால் சுவரில் மிளகு. குதிரை இறங்கிய துறை என்றால் தரையில் கொள்ளு. பார்த்து முடித்ததும் ஊர் தின்றுவிடும். பல்லில் கடிபட்டால்தான் சரித்திரம் மறக்காது என்பார்.

1953இல் பள்ளிக்கூட விழாவுக்குப் பழைய கிட்டங்கியைச் செய்தார். மத்தியானம் தின்றோம். சாயங்காலம் நிஜக் கிட்டங்கியின் கூரை இறங்கியது. வவ்வால்களைத் தவிர யாருக்கும் சேதமில்லை. 1956இல் நூலகத் திறப்புக்குத் துறைமுகத்துக் கொடிமரம். காற்றே இல்லாத நாளில் நிஜ மரம் முறிந்து விழுந்தது. முறிந்த இடத்தில் பல்வரிசை பதிந்திருந்தது, நடுவில் ஒரு பல் இல்லாமல். அது என்னுடைய வரிசை.

அன்றோடு ஹமீது சுல்தான் சட்டியைக் கவிழ்த்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் தேடி வந்தார். "கடற்கரைத் தெரு முழுவதையும் செய்து கொடுங்கள். கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவோம்."

யாரும் தின்னாவிட்டால் ஆபத்தில்லை என்று இவரும் இசைந்தார். நாற்பது வீடு, நடுவில் பஸ் ஆபீஸ், ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. கடைசியில் அவருடைய வீடு. வாசலில் எள்ளளவில் அவர் மனைவி லத்தீபா.

லத்தீபாவுக்கு மனசு கேட்கவில்லை. கண்காட்சி அன்று காலையில், தெருவுக்குக் காவலாக இருக்கட்டும் என்று பள்ளிவாசல் லெப்பையை அழைத்துத் தொதல்மேல் பாத்திஹா ஓதவைத்துவிட்டார்.

ஓதி முடித்த லெப்பை கையை முகத்தில் தடவிக்கொண்டார். "ம், குடுக்க ஆரம்பிங்கம்மா."

"எதை?"

"நார்சாவைத்தான். ஓதின பண்டத்தைப் பெட்டிக்குள்ள பூட்டி எறும்புக்கா விடுவாக? சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள ஒரு துண்டு மிச்சமில்லாமத் தின்னு முடிச்சிரணும்."

"என்ன காரியம் பண்ணிட்டே புள்ள!" ஹமீது சுல்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"காவலுக்குத்தாங்க ஓதச் சொன்னேன்!"

அதற்குள் வரிசை வந்துவிட்டது. தன் வீட்டைத் தின்ன யாருக்கும் மனசில்லை. பக்கத்து வீட்டைக் கேட்டு வாங்கித் தின்றார்கள்.

"ஏலே, மேலத்தெருக்காரனுக்கு இங்கன என்ன சோலி?"

"போறது ஒங்க தெருதானே? எனக்குப் பெருசா ஒண்ணு குடுங்க பாய்."

நான் பஸ் ஆபீஸைத் தின்றேன். கருப்பட்டி கொஞ்சம் தூக்கல்.

தட்டில் மிஞ்சியது ஹமீது சுல்தானின் வீடு மட்டும். அவர் அதைக் கையால் பொத்திக்கொண்டார். லெப்பை வெயிலைப் பார்த்தார். லத்தீபா கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி வீட்டை எடுத்து, தன் உருவத்தோடு சேர்த்துப் பல் படாமல் விழுங்கிவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. "மெல்லலைங்க," என்றார். "முழுசா இருக்கு."

அஸருக்குப் பிறகு கடல் உள்வாங்கியது. வள்ளங்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. தெருநாய்கள் வரிசையாக ராமநாதபுரம் ரோட்டில் நடந்தன; டிக்கெட் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. எல்லாரும் மேட்டுக்கு ஓடினோம். லத்தீபா மட்டும் வீட்டைவிட்டு வரவில்லை. ஹமீது சுல்தானை நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பொழுது அடைந்து மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் கடல் திரும்பியது. சத்தமே இல்லை. வாயை மூடி மெல்லுகிறவர்களைப்போலத் தெருவை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வந்தது. முப்பத்தொன்பது வீடும் பஸ் ஆபீஸும் போயின.

தண்ணீர் வடிந்தபோது மணலில் ஒரே ஒரு வீடு. ஓர் ஓடுகூடப் பெயரவில்லை. வாசலில் லத்தீபா நின்றிருந்தார். ஆனால் உள்ளே போனவர்கள் உடனே வெளியே வந்துவிட்டார்கள். அங்கே பகலிலும் இருட்டு, வெதுவெதுப்பாக இருந்தது, கை வைத்தால் சுவர் மெல்ல ஏறி இறங்கியது. அதற்குள்தான் அவர்கள் இருவரும் கடைசிவரை குடியிருந்தார்கள். ஹமீது சுல்தான் பிறகு சட்டியைத் தொடவில்லை.

இதைக் கடற்கரைத் தெருவில், 1931இல் கட்டிய அதே பஸ் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.