இரண்டாவது தட்டில் எத்தனை

1

இந்தக் கதையை அக்கா வீட்டுச் சமையலறையிலிருந்து திருடினேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே புலம்பினாள்: "ஒண்ணு விடாம எல்லாம் சுமையைக் கீழ போட்டுடுச்சுடா!"

பாக்டீரியாவைச் சொல்கிறாள். ஒரு கிருமியின் கொட்டத்தை அடக்கி, வேறொரு நோய்க்கிருமியின் சிறு துண்டை அதன் தலையில் ஏற்றி, குழந்தைகள் விழுங்கும் தடுப்பு மருந்தாக்குவது அவள் வேலை. துண்டைப் பார்த்து உடம்பு உஷாராகிவிடும். ஆனால் பாக்டீரியா பெருகப் பெருகச் சுமையை உதறிவிடுகிறது. அதற்கென்ன தலையெழுத்தா, சுமக்க?

2

முதல் தொடக்கம்: "வெள்ளை அங்கி அணிந்த அந்த மேதை, நுண்ணோக்கியில் கண் பதித்து"

(வேண்டாம். அங்கியில் ஊதாக் கறை. மேதை என்றால் சிரிப்பாள்.)

அடுத்த வரைவில் அவளை மூலையில் உட்காரவைத்து அழவைத்தேன். படித்துப் பார்த்தாள். "என்னை ரொம்ப அடக்கிட்டேடா. நானும் முதல்ல கிருமியை இப்படித்தான் நோஞ்சானாக்கினேன். உடம்பு அதைக் கண்டுக்கவே இல்ல."

கிழித்துப் போட்டேன்.

3

நடந்ததையே சொல்கிறேன். சோதனைக்கு இரண்டு தட்டுகள். ஒன்றில் எல்லா பாக்டீரியாவும் புள்ளி புள்ளியாக முளைக்கும். மற்றதில் சுமையை வைத்திருப்பவை மட்டும். போன முறை முதல் தட்டில் 190. இரண்டாவதில் 3. யாரும் கேட்பதற்கு முன் அந்த மூன்றைத் தானே போய் ஆய்வுக்கூட இயக்குநரிடம் சொன்னவள் அக்கா.

(இங்கே கதையை நிறுத்தி ஒரு கும்பிடு போடத் தோன்றியது. போட்டாயிற்று.)

பிறகுதான் அந்த வேலையைச் செய்தாள். பாக்டீரியா தன் சுவரைக் கட்டத் தேவையான ஒரு மரபணுவை உருவி, சுமையோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். சுமையை எறிந்தால் சுவரும் போச்சு, உயிரும் போச்சு.

"கெட்டிக்காரிக்கா நீ!"

"எண்ணிப் பார்த்துட்டு அப்புறம் சொல்லு."

4

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் அவள் பக்கத்தில் நிற்கிறேன். இந்த முறையும் தோற்றால் குழுவைக் கலைத்துவிடுவார்கள். முதல் தட்டில் பேனாவால் புள்ளி வைத்து எண்ணி முடித்தாள்: 212. இரண்டாவதைக் கையில் எடுத்தவள், வெளிச்சத்தில் காட்டாமலே வைத்துவிட்டாள்.

பாசத்தில் என் நோட்டில் இரண்டாவது தட்டுக்கு 211 என்று எழுதிவிட்டேன். எட்டிப் பார்த்து அதை அடித்தாள்.

"எண்ணறதுக்கு முன்னாடி எழுதாதே."

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. பேனாவை நீங்கள் பிடியுங்கள். தட்டை வெளிச்சத்தில் தூக்கி நிதானமாக எண்ணுங்கள். எத்தனை வந்தாலும் அவளிடம் தயங்காமல் சொல்லலாம். மூன்று என்றாலும் மூன்று என்றே எழுதுவாள்.