கூட்டினால் குறையும் கிணறு

‘டப்’பென்று ஒரு சத்தம். மோட்டார் நின்றுவிட்டது.

பாகற்பந்தலில் பாதிகூட நனையவில்லை. பூவெடுக்கும் நேரத்தில் தண்ணீர் குறைந்தால் அத்தனையும் உதிர்ந்துவிடும். செல்வப்பிரியா மண்வெட்டியை வரப்பில் வீசிவிட்டு, சேற்றுக்காலோடு கிணற்றடிக்கு விரைந்தாள்.

சுவிட்சில் கை வைத்தபடி அண்ணன் குப்பண்ணன் நின்றிருந்தார்.

“ஏனுங்ண்ணா, எதுக்கு நிறுத்துனீங்க?”

“உன்ற நேரம் முடிஞ்சுது அம்மிணி.”

“ரெண்டரை மணி நேரங்கூட ஆகலீங்களே!”

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருந்த அந்தப் பொதுக்கிணற்றில் மோட்டார் ஓடுவது பகலில் பன்னிரண்டு மணி நேரம். அதில் அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குக் கால். மீதிக் கால் பங்கை வைத்திருந்த பங்காளி தனபால் தன் நிலத்தை விற்றபோது, கிணற்றில் ஆறில் ஒரு பங்கை அவள் வாங்கினாள். பன்னிரண்டில் ஒன்றை அண்ணன் வாங்கினார். வாங்கிய மறுநாளே இந்தக் கூத்து.

குப்பண்ணன் கரித்துண்டை எடுத்து மோட்டார் அறைச் சுவரில் எழுதினார்: 1/4 + 1/6 = 2/10.

“மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ நாலும் ஆறும் பத்து. பத்துல ரெண்டு, அதாவது அஞ்சுல ஒண்ணு. எந்த வில்லேஜாபீஸுக்கு வேணா போ, இதான் கணக்கு.”

“நேத்து வரைக்கும் வெறும் கால் பங்குக்கே மூணு மணி நேரம் ஓட்டுனனுங்களே!”

“பின்னம்னா அப்படித்தான். ஞாயித்துக்கிழமையானா பையத் தூக்கிட்டுப் போறியே, அங்க இதெல்லாம் சொல்லித் தரலியாக்கும்?”

சொல்லித் தந்திருந்தார்கள். படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்பு அது. ‘கீழே இருப்பதை ஒன்றாக்காமல் மேலே இருப்பதைக் கூட்டாதீர்கள்’ என்று சுஷ்மா டீச்சர் தொண்டை வறளக் கத்தியிருந்தார்.

செல்வப்பிரியா கரித்துண்டை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“கால்னா பன்னெண்டுல மூணு. ஆறுல ஒண்ணுன்னா பன்னெண்டுல ரெண்டு. சேத்துனா பன்னெண்டுல அஞ்சு. எனக்கு அஞ்சு மணி நேரமுங்க. போடுங்க சுவிட்ச!”

“நான் போட்டதுதான் கணக்கு.” கை நகரவில்லை.

“சரீங்ண்ணா, உங்க கணக்கே இருக்கட்டும்.” அவர் எழுதியதற்குக் கீழேயே எழுதினாள். “உங்களுக்குப் பாதி, அதோட பன்னெண்டுல ஒண்ணு. மேல ரெண்டு, கீழ பதினாலு. ஆக ஏழுல ஒண்ணு. ரெண்டு மணி நேரங்கூட வராதுங்க. தள்ளி நில்லுங்க, மிச்ச நேரமெல்லாம் நானே ஓட்டிக்கறேன்.”

குப்பண்ணனின் கை சுவிட்சிலிருந்து தானாக இறங்கியது.

“அதெப்படிடீ? என்ற பாதிக்கே ஆறு மணி நேரமாச்சே, சேத்துனா கூடத்தான செய்யும்!”