கோடு போட்ட சட்டைக்காரன்

பழைய வீடியோ டெக்கின் மேல்மூடியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, உள்ளே இருந்த வெள்ளி உருளையைத் தம்பி பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தான். ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த பஞ்சு. ஒரே பக்கமாக, அழுத்தாமல் சுற்ற வேண்டும் என்று டிவி ரிப்பேர் கடைக்காரர் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார். பதினைந்து வருடமாக அவர் கடைப் பரணில் கிடந்த டெக் அது. பொய்ப்பல் செட் செய்து பழகிய தம்பியின் கைக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கை சும்மா இருந்தால்தான் அவனுக்குக் கஷ்டம்.

"இன்னும் எவ்ளோ நேரம்டா?" கட்டிலிலிருந்து அக்கா கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம், டார்ச்."

"அரை மணியா இதத்தான் சொல்ற. நான் போனப்புறம் நீயும் உங்க அத்தானும் உக்காந்து பாக்கப் போறீங்களா?"

அத்தான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுகிற சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பி ஒன்பது நாளாகிறது. இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. டயாலிசிஸ் இனி வேண்டாம் என்று அக்காவேதான் சொன்னாள். முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ணியவள். அவள் ரிப்போர்ட்டை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் ஊசி போட வந்த நர்ஸ், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு லீவு போட்டுருங்க சார்" என்று தம்பியிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

படம் பார்க்க வேண்டும் என்று அக்கா நேற்றுத்தான் கேட்டாள். எந்தப் படம் என்று அவன் கேட்கவே இல்லை. எண்பதுகளில் வந்த பள்ளிக்கூடச் சிரிப்புப் படம். மூன்று பையன்கள், ஒரு ஹெட்மாஸ்டர், ஹெட்மாஸ்டரின் புதுக் கார். அந்தக் காரை ஒரு நாள் கிளப்பிக்கொண்டு போய் என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதுதான் கதை. அந்த கேசட் வீட்டுக்கு வீடு சுற்றிய காலம் அது. அப்பா சொந்தமாகவே ஒன்று வாங்கி வைத்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், "அதப் போடலாம்பா" என்று அக்காதான் முதலில் கேட்பாள். வசனம் வருவதற்கு முன்பே வீடே சேர்ந்து வசனத்தைச் சொல்லிச் சிரிக்கும். அந்த கேசட்டை அக்கா தன் அலமாரியில், புடவைகளுக்கு அடியில், துணி சுற்றி இத்தனை வருடம் வைத்திருந்தாள்.

அவளுக்கு டார்ச் என்ற பெயர் வந்ததும் அந்தப் படத்திலிருந்துதான். படத்தில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பெண் வருவாள். வெளிச்சம் பட்டால் கண்ணாடி பளீரென்று அடிக்கும். "டார்ச் வருதுடோய்!" என்று பையன்கள் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். அக்காவுக்கு அப்போது பதினாலு வயது. அதே மாதிரிக் கண்ணாடி. படம் முடிவதற்குள் தம்பி அந்தப் பெயரை அவளுக்குச் சூட்டிவிட்டான். அவனுக்குப் பதினொன்று. மறுநாள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனதும் அவன்தான். ஒரே வாரத்தில் அம்மாவும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே யாரோ அப்படிக் கூப்பிட, எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். பிறகு ஒரு நாள் அவளைப் பார்க்க லேபுக்குப் போன தம்பி, வரிசைக்குப் பின்னாலிருந்து "டார்ச்" என்று குரல் கொடுத்ததில் அங்கேயும் அவள் டார்ச் மேடம் ஆகிவிட்டாள்.

கேசட் உள்ளே இறங்கியது. படம் முதலில் கோடு கோடாக ஓடி, ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. ரிமோட் என்றோ தொலைந்துபோன டெக் என்பதால் தம்பி அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

ஹெட்மாஸ்டர் காரைத் துடைத்துவிட்டு யாரும் பார்க்காதபோது அதற்கு முத்தம் கொடுக்கிற இடத்தில் அவனுக்குச் சத்தமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தான். அவள் இரண்டு தலையணையில் சாய்ந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, லேபில் ஸ்லைடு பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீங்கிய கால்கள் போர்வைக்கு வெளியே இருந்தன. அவன் போர்வையை இழுத்துவிட்டான்.

ஆண்டு விழாக் காட்சி வந்தது. பையன்கள் அந்தப் பெண்ணின் கண்ணாடியை ஒளித்து வைத்துவிடுகிறார்கள். அவள் ஆசைப்படுகிற கதாநாயகனின் கோட்டை ஒரு மைக் ஸ்டாண்டில் மாட்டி மேடையில் நிறுத்துகிறார்கள். அவள் தட்டுத் தடுமாறி வந்து, அவனென்று நினைத்து அந்தக் கோட்டின் முன்னால் நின்று, "சாப்டியா? ரொம்ப இளைச்சுட்டே" என்று கேட்டுவிட்டு, மடித்த கடிதத்தை அதன் பையில் வைக்கிறாள். திரை விலகுகிறது. பள்ளிக்கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது.

படத்திலேயே பெரிய சிரிப்பு அதுதான் என்று அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான். இப்போது அந்தப் பெண்ணின் முகம் மட்டும்தான் கண்ணில் பட்டது. சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது கூட இருக்காது. அந்தக் காட்சி முடிகிற வழியாகத் தெரியவில்லை. அவன் கை படத்தை வேகமாக ஓட்டும் பட்டனுக்குப் போனது.

"ஓட்டாத."

"இல்ல, இது ரொம்ப நீளம்..."

"விடுடா. இதுக்குத்தான் கேட்டேன்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அக்காவே, "நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ. இன்னும் கொஞ்சம். அங்கதான்" என்றாள்.

படம் நடுங்கிக்கொண்டு நின்றது. கூட்டம். திறந்த வாய்கள்.

"மூணாவது வரிசை. தூண் பக்கத்துல, கோடு போட்ட சட்ட. தெரியுதா?"

தம்பி முழங்காலில் நகர்ந்து திரைக்குக் கிட்டே போனான். கூட்டத்தில் நிற்க வைப்பதற்காகப் பிடித்து வந்த யாரோ ஒரு பையன். சுற்றி நிற்கிற அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். அவன் வாய் மூடியிருந்தது. மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிரிக்கல, பாத்தியா?"

"ஆமா."

"டைரக்டர் சிரின்னு சொன்னது அவன் காதுல விழல போல. இல்ல, பசியோ என்னவோ. காலைலேர்ந்து நிக்க வெச்சிருப்பாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ரெண்டாவது தடவ பாக்கறப்பதான் கண்ணுல பட்டான். அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் இருக்கானான்னு பாப்பேன். இருந்தான்."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது.

"உனக்கு இந்தப் படம் அவ்ளோ பிடிக்கும்னு நாங்கள்லாம்..." என்றான் தம்பி.

"பிடிக்கும்தான். கார் குளத்துல விழறது நல்லா இருக்கும்."

அவன் டெக்கின் மூடியில் இல்லாத தூசியைத் துடைத்தான். பிறகு, "அக்கா" என்றான்.

"என்னடா இது, திடீர்னு அக்கா?"

"தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்."

"பொய் சொன்னா மூக்கச் சொறிவ. அம்பது வயசாகியும் போகல."

அவன் மூக்கிலிருந்து கையை எடுத்தான். "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

"எப்ப?"

"அப்ப."

அக்கா யோசித்தாள். கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி யோசித்தாள். "மொதப் பத்து வருஷம் இருந்துச்சு."

"ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. அப்புறம் நான் ரூமுக்குள்ள வந்தாலே எல்லாரும் கப்சிப்னு ஆயிருப்பீங்க. அது இதவிட மோசம்." கண்ணை மூடித் திறந்தாள். "படம் ஆடுதுடா. இப்படியே வெச்சா டேப் அறுந்துடும். ஓட்டு."

அவன் பட்டனை அழுத்தினான். கூட்டம் மறுபடி சிரிக்க ஆரம்பித்தது. அவன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். காட்சி மாறட்டும், சொல்லலாம் என்று நினைத்தான். காட்சி மாறியது. பையன்கள் காரைக் கிளப்பினார்கள், போலீஸ் துரத்தியது, மார்க்கெட்டில் தக்காளிக் கூடைகள் பறந்தன. சொல்ல வந்ததை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

கார் குளத்தில் விழுந்தது. ஹெட்மாஸ்டர் தலையில் ஒரு தாமரை இலையோடு நீருக்கு மேலே வந்தார்.

"இந்தா, உன் சீன்" என்று திரும்பினான்.

அக்காவின் முகம் டிவியின் பக்கம்தான் இருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருவதற்கு ரொம்ப நேரமானது.

"அத்தான்!"

அத்தான் ஈரக் கையோடு வந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். படம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆர்ப்பாட்டமான பாட்டு ஒன்று ஆரம்பித்தது. அதை அணைக்க எழுந்தால் அந்த நேரத்தில் ஏதாவது ஆகிவிடும் என்று தம்பி அசையாமல் இருந்தான். இன்னும் ஒரு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள்.

அத்தான்தான் அவள் கண்ணாடியைக் கழற்றினார். காதுக் கம்பிகளை மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அத அணைச்சுடு" என்றார்.

மணி நாலேகால். வெளியே நல்ல வெயில்.

டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ராத்திரிக்குள் எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். தம்பி வாசல்படியில் உட்கார்ந்து போனில் சாவுச் செய்தியைத் தட்டினான். அத்தான் பின்னால் நின்று படித்தார்.

"வெறும் பேரப் போட்டா பாதிப் பேருக்கு யாருன்னே தெரியாதேப்பா. டார்ச்னும் சேத்துப் போட்டுரு."

தம்பி தட்டினான். பார்த்தான். அழித்தான். அவள் பெயரை மட்டும் வைத்து அனுப்பிவிட்டான்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "யாருங்க இது? உங்க வீட்லயா?" என்று கேட்டார்கள். "என் அக்கா" என்றான். "ஐயோ, டார்ச்சா?" என்று சிலர் கேட்டார்கள். "என் அக்கா" என்று மறுபடி சொன்னான். இருட்டுவதற்குள் அதைப் பதினேழு தடவை சொல்லியிருப்பான்.

மறுநாள் காலையில் லேபிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவளோடு அதிக நாள் வேலை பார்த்த அம்மாள் கட்டிலருகே நின்று அழுதுவிட்டு, வெளியே வந்து தம்பியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்கதான தம்பி?"

தலையசைத்தான்.

"எங்க லேப்ல யாருக்கும் பட்டப்பேர் கிடையாது சார். மேடம் வைக்க விடமாட்டாங்க. புதுசா ஒரு பொண்ணு வந்துச்சு, திக்கித் திக்கிப் பேசும். பசங்க ஏதோ பேர் வெச்சாங்க. மேடம் அவங்களக் கூப்பிட்டு உக்கார வெச்சு, லேபுக்கு ஒரு பேர் போதும், அது என்கிட்ட இருக்குன்னாங்க. அதோட சரி." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பேர் யார் வெச்சதுன்னு கேட்டா மட்டும் சொல்லமாட்டாங்க. சின்ன வயசுல விழுந்ததுன்னுவாங்க."

தம்பி எழுந்து போய், நாற்காலிகள் போதுமா என்று எண்ணினான். போதும் என்று தெரிந்தும் மறுபடி எண்ணினான்.

பதினோரு மணிக்கு அமரர் ஊர்தி வந்தது. பின்னால் அத்தானும் உறவுக்காரர்களும் அக்காவோடு உட்கார்ந்தார்கள். இடம் பற்றாமல் தம்பி முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

"அம்மாங்களா?" என்றார் டிரைவர்.

"அக்கா."

பெரிய சாலையில் திரும்புவதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகளை எதிர்ப்புற மைதானத்துக்குக் கூட்டிப்போவதற்காக ஒரு டீச்சர் நடுச்சாலையில் கையை நீட்டி நின்றாள். வண்டி நின்றது. இரண்டு இரண்டு பேராகக் கை கோத்துப் பிள்ளைகள் கடந்தார்கள். வரிசை முடிந்து டீச்சரும் அந்தப் பக்கம் போய்விட்டாள். கடைசியாக வந்த ஒரு சின்னப் பெண் மட்டும் சாலையின் பாதியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். வரிசை போனது அவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. டிரைவர் ஹார்னின் மேல் கையை வைத்தார்.

"வேணாம்" என்றான் தம்பி. "கட்டி முடிக்கட்டும்."

டிரைவர் அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்தார். அந்தப் பெண் முடிச்சுப் போட்டாள். அது பிடிக்காமல் அவிழ்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தாள்.