வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

பல் துலக்குகிற விஷயத்தில்கூட இவ்வளவு வயிற்றெரிச்சல் வரும் என்று தங்கம் டீச்சர் கனவிலும் நினைத்ததில்லை.

அறுபதுகளின் கடைசி அது. பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் காலையில் வாய்க்கால் ஓரமாகக் குந்திப் பல் துலக்க வேண்டும் என்று சிங்கப்பூர் முழுக்க ஏற்பாடாகியிருந்தது. ஆளுக்கொரு பிரஷ், ஆளுக்கொரு குவளை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னத் தமிழ்ப் பள்ளியிலும் கட்டடத்தை ஒட்டி ஒரு சிமெண்ட் வாய்க்கால் ஓடியது. லோங்காங் என்றால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும். இந்தப் பக்கம் தங்கம் டீச்சரின் ஒன்றாம் வகுப்பு, எதிர்ப் பக்கம் ஜரீனா டீச்சரின் ஒன்றாம் வகுப்பு. இரண்டு வரிசையும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு துப்பும்.

தங்கம் டீச்சரிடம் விசில் இருந்தது. ஒரு விசிலுக்கு மேல் பல், அடுத்த விசிலுக்குக் கீழ்ப் பல், கடைசி விசிலுக்குக் கொப்பளிப்பு. அப்படியும் அவள் பாடு பெரும்பாடுதான். காதர் மைதீனுக்குப் பேஸ்ட் இனித்தது, துப்பாமல் விழுங்கிவிடுவான். தனசேகரன் ஒருநாள் முடி தேய்ந்த பெரிய பிரஷ் ஒன்றை ஈரத்தோடு கொண்டுவந்தான்.

“இது யாரோடதுடா?”

“அப்பாவோடது டீச்சர். அவர் வெளக்கிட்டுத்தான் எனக்குக் குடுத்தாரு.”

முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பிள்ளைகள் முன்னால் சிரித்தால் அப்புறம் கட்டி மேய்க்க முடியாது என்பது அவள் கட்சி.

எதிர்ப் பக்கத்தில் கட்சியுமில்லை, கட்டுப்பாடுமில்லை. ஜரீனா டீச்சர் கேலாங்கிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளைகளோடு பிள்ளையாகத் தானும் குந்திக்கொண்டு, கடைவாய்ப் பல்லில் ஒரு திருடன் ஒளிந்திருக்கிறான் என்று கதை விடுவாள். அவனைத் துரத்துகிற கூச்சலில் நுரை பாதி லோங்காங்கிலும் பாதி சட்டையிலும் விழும். பாடம் நடத்த வந்தாளா, கூத்துக் கட்ட வந்தாளா என்று தங்கம் டீச்சர் முணுமுணுப்பாள். அவள் எப்படி முணுமுணுத்தாலும் அதற்குப் பெயர் பொறாமைதான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் இங்கே அக்கரை நிஜமாகவே பச்சையாக இருந்தது.

கண்மணி விவகாரம் ஆரம்பித்த பிறகு அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

கண்மணி தங்கம் டீச்சரின் வகுப்புப் பிள்ளை. உட்காரச் சொன்னால் உட்காரும், எழுதச் சொன்னால் எழுதும், இருக்கிற இடம் தெரியாது. அந்தப் பிள்ளை ஒருநாள் குவளையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி, எதிர் வரிசையில் போய்க் குந்திக்கொண்டது.

“கண்மணி. இங்க வா.”

உடனே வந்துவிட்டது. மறுநாள் மறுபடியும் தாண்டியது. திட்டினாள், நிற்க வைத்தாள். எல்லோருக்கும் கொடுக்கிற சாக்கில் தேங்காய் மிட்டாய்கூட வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். கண்மணி மிட்டாயைத் தின்றுவிட்டுத் தாண்டியது.

தலைமையாசிரியர் மருதப்பன் இதைப் பல நாள் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.

“அந்தப் புள்ளைக்கு ஜரீனா வகுப்புதான் புடிச்சிருக்கு போல டீச்சர். திங்கக்கிழமைலேர்ந்து மாத்திவிட்டுறலாமா?”

“தாராளமா மாத்துங்க சார். எனக்கு ஒரு தலைவலி குறையும்.”

சொல்லி வாயை மூடவில்லை, அதற்குள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தங்கத்திடமிருந்து பிள்ளை ஓடிவிட்டது என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டும். வேண்டும் என்று சொல்லத்தான் வீம்பு விடவில்லை.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் ஜரீனா அவளைத் தேடிக்கொண்டு வந்தாள்.

“கண்மணி எனக்கு வேணாம் டீச்சர். அது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“ஏன்? உங்களுக்குத்தான் எல்லாப் புள்ளைங்களும் வேணுமே.”

வார்த்தை காரமாகத்தான் விழுந்தது. ஜரீனா அதைப் பொருட்படுத்தவில்லை.

“என் பக்கம் வந்து உக்காருதே தவிர, நான் சொல்ற கதைய அது காதுலயே வாங்காது. பிரஷ்ஷ வாயில வச்சிக்கிட்டு உங்களையேதான் பாத்துக்கிட்டு இருக்கும். நீங்க கூப்பிட்டதும் அது மொகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க. நானும் என்னென்னமோ கோமாளித்தனம் பண்ணிப் பாத்துட்டேன் லா, ஒரு தடவகூட எனக்கு அந்தச் சிரிப்பு கெடைக்கல. உண்மையச் சொன்னா எனக்குப் பொறாமையா இருக்கு டீச்சர்.”

தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாள் என்பது தங்கம் டீச்சரின் கணக்கிலேயே இல்லாத சங்கதி.

பள்ளி விட்டதும் கண்மணியை நிறுத்திக்கொண்டாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு அதன் உயரத்துக்குக் குந்தினாள்.

“டீச்சர் திட்ட மாட்டேன். எதுக்கு அந்தப் பக்கம் போற, சொல்லு.”

கண்மணி ரிப்பன் நுனியைக் கடித்துக்கொண்டே சொன்னது.

“இங்கயே இருந்தா நீங்க என்னையக் கூப்பிடவே மாட்டீங்க டீச்சர். காதரக் கூப்பிடுவீங்க. தனசேகரனக் கூப்பிடுவீங்க. அவங்க தப்பு பண்றாங்க. நானும் பேஸ்ட முழுங்கிப் பாத்தேன். காரமா இருந்துச்சு.”

தங்கம் டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. இது வாய்க்காலைத் தாண்ட ஆரம்பிப்பதற்கு முன்னால், வருகைப் பதிவுக்குக் குனிந்த தலை நிமிராமல் படிப்பதைத் தவிர, இந்தப் பெயரை எப்போது கடைசியாகச் சொன்னோம் என்று யோசித்தாள். ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. சமர்த்துப் பிள்ளை, அதனால் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவள் ஜரீனாவைப் பார்த்து வெந்துகொண்டிருந்த அத்தனை நாளும், இந்தக் குட்டி காதர் மைதீனைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது அவளுக்கு.

நேராக மருதப்பன் அறைக்குப் போனாள்.

“அந்தத் தலைவலி எனக்கே இருக்கட்டும் சார்.”



திங்கட்கிழமை காலை தங்கம் டீச்சர் வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டே பெயர் பெயராகக் கூப்பிட்டாள்.

“கண்மணி, கடைவாய நல்லாத் தேய்.”

கண்மணி நிமிர்ந்து பார்த்துச் சிரித்ததில் வாயிலிருந்த நுரை முழுவதும் டீச்சரின் கால்மேல் விழுந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து ஜரீனா கையைக் காட்டி, பார்த்தீர்களா என்பதுபோல் தலையாட்டினாள். தங்கம் டீச்சர் காலை உதறிவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். காதர் மைதீன், விழுங்காத. தனசேகரன், சட்டையில தொடைக்காத. பாதி வரிசை வந்திருப்பாள்.

கடைசியில் குந்தியிருந்தது ஆமினா. அந்தப் பிள்ளையின் குரலை வகுப்பில் யாரும் கேட்டதே இல்லை. அது எழுந்து, குவளையை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வாய்க்காலைத் தாண்டியது. தாண்டி நின்று திரும்பித் தங்கம் டீச்சரைப் பார்த்தது.

“ஆமினா, வாம்மா. உன் பேருக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்.”