சர்வே கேம்புக்கு வந்த அத்தை

எங்கள் வகுப்பில் பெண்கள் நாங்கள் இரண்டே பேர். நான் எலிசபெத், அருப்புக்கோட்டை. இன்னொருத்தி கோகிலாம்பாள், பந்தல்குடி. மதுரையில் பி.இ. சிவில் சேர்ந்த அன்று ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறோம் என்று தெரிந்ததும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அதற்கப்புறம் யாரும் எங்களைப் பிரித்து உட்கார வைக்கவில்லை.

கோகிலாவின் அப்பா சின்னத்துரை, பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டை ஒட்டி இரும்புக்கடை வைத்திருந்தார். கம்பியும் ஆணியும் மண்வெட்டியும் விற்கிற கடை. வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் வந்து நின்று பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள், பிளஸ் டூ முடித்ததும் சிவில்தான் வேண்டும் என்றாள். அவரும் மறுக்கவில்லை.

மறுத்தது அவருடைய தங்கை வெள்ளைத்தாய். பாலவனத்தத்தில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். தன் மகன் மணிகண்டனுக்குக் கோகிலாவைத்தான் கட்டுவது என்று அவள் சடங்கான அன்றே சபையில் சொல்லி வைத்திருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து அண்ணனிடம் சண்டை போடுவார்.

"ஏண்ணே, பொம்பளப்பிள்ள சாரத்துல ஏறி நின்னு கொத்தனார அதட்டப் போகுதாக்கும்? எம்மகன் என்ன, இவளுக்குச் சும்மாடு சுத்திக் குடுக்கவா?"

எண்பத்தொன்பதில் நாங்கள் மூன்றாம் வருடப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அந்தச் சண்டை முடிவுக்கு வந்துவிட்டது. அத்தை வீட்டில் அவசரப்பட்டார்கள். அத்தையின் கணவருக்கு உடம்பு சரியில்லை, ஆவணியில் கல்யாணம் என்றார்கள். கடைசி வருடம் படிக்காவிட்டால் என்ன, மூன்று வருடம் படித்ததே பெரிது என்றார்கள். சின்னத்துரை மாமா தலையைக் குனிந்துகொண்டு சரி என்றுவிட்டார். கோகிலா என்னிடம் இதை ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டே சொன்னாள். அழவில்லை. "கேம்புக்காவது போயிட்டு வந்துரணும் எலிசு" என்று மட்டும் சொன்னாள்.

சிவில் படிக்கிறவர்களுக்கு சர்வே கேம்ப் என்பது திருவிழா மாதிரி. வகுப்பே கிளம்பிப்போய் ஒரு ஊரில் தங்கி, நிலத்தை அளந்து, வரைபடம் போட்டுத் திரும்ப வேண்டும். அந்த வருடம் திருச்சுழியைத் தாண்டி ஒரு கண்மாயை அளப்பதாக ஏற்பாடு. கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் தங்கல். காலையில் வெளிச்சம் வந்ததும் வேலை தொடங்கிவிடும் என்பதால் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகவும் முடியாது.

சர்வே பாடம் எடுத்த வீரபத்திரன் சார் நல்ல மனிதர். நல்ல மனதோடுதான் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம்மா. பசங்க அளந்துட்டு வந்ததை வச்சு இங்கேயே படம் போடுங்க. மார்க் குறையாது."

கோகிலா நேரே முதல்வரிடம் போய் நின்றாள். நானும் அவள் பின்னால் போய் நின்றேன். அவர், வீட்டிலிருந்து பெரிய பொம்பளை ஒருத்தர் கேம்ப் முடியும்வரை கூடவே தங்குவதானால் போகலாம் என்றார்.

எங்கம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். லீவு கிடைக்கவில்லை. கோகிலாவின் அம்மாவுக்கு மூட்டுவலி, கடைக்கும் வீட்டுக்கும் நடப்பதே பெரும்பாடு. நாங்கள் நம்பிக்கையை விட்டுவிட்ட சமயத்தில் பாலவனத்தத்திலிருந்து தகவல் வந்தது. வெள்ளைத்தாய் அத்தை வருகிறாராம்.

படிப்பின் மேல் பிரியம் வந்து அல்ல. "அம்புட்டு ஆம்பளப் பயலுகளுக்கு நடுவுல எம்மருமகளத் தனியா விடுவேனா? நா போயி காவலுக்கு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு பனையோலைப் பாய், கறுப்புக் குடை, டப்பா நிறைய சீடை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்கள் வகுப்புப் பையன்கள் எல்லாரையும் ஒரு தடவை வரிசையாகப் பார்த்தார். அதற்கப்புறம் கேம்ப் முடியும்வரை ஒருத்தனும் எங்கள் அறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கண்மாய் வறண்டு கிடந்தது. கரிசல் பாளம் பாளமாக வெடித்து, கால் வைத்தால் கணுக்கால்வரை உள்ளே போகும். வேலிக்கருவை முள்ளுக்குப் பயந்து நாங்கள் இருவரும் தாவணிக்கு மேல் அப்பாக்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டோம். முதல் நாள் எங்கள் குழுவில் இருந்த பையன்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினார்கள். எங்களைக் கரையில் புளியமரத்தடியில் உட்கார வைத்து, அவர்கள் கத்திச் சொல்கிற எண்களை எழுதச் சொன்னார்கள். இரண்டாம் நாளும் அப்படியே.

எங்களுக்குப் பின்னால் பாயை விரித்து உட்கார்ந்திருந்த அத்தை மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, சேலையை உதறிச் செருகிக்கொண்டு, வெயிலில் நின்றிருந்த வீரபத்திரன் சாரிடம் போனார். நாங்கள் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினோம்.

"சாரு, ஒண்ணு கேக்கணும். இந்தப் பிள்ளைக என்ன செய்யுதுக?"

"ரீடிங் எழுதுறாங்கம்மா."

"அது தெரியுது. எங்க வத்தக் கடையிலயும் மூட்ட நிறுக்கிறவன் சொல்லச் சொல்லக் கணக்கப்பிள்ள எழுதத்தான் செய்றாரு. அதுக்கு மதுரையில போயி மூணு வருசம் படிக்கணுமா? நா வீட்டப் போட்டுட்டு, சொகமில்லாத மனுசரப் போட்டுட்டு வந்து புளியமரத்தடியில குந்தியிருக்கேன். இவளுக நெழல்ல ஒக்காரத்தான் வந்தாளுகன்னா சொல்லுங்க, சாயங்கால பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் என்று நினைத்தேன். ஆனால் அவர், "நீங்க சொல்றது சரிதாம்மா" என்றார். பிறகு திரும்பி, "பால்பாண்டி, லெவலைக் கோகிலாட்ட குடு. நீ போயி ஸ்டாஃப் பிடி" என்றார்.

லெவல் என்பது முக்காலியின் மேல் வைத்த ஒரு சின்னத் தொலைநோக்கி. தூரத்தில் ஒருத்தர் ஸ்டாஃப் என்கிற, அளவு குறித்த நீளக் கட்டையைப் பிடித்து நிற்பார். தொலைநோக்கி வழியாக அந்த எண்ணை வாசித்தால் அந்த இடம் எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று கணக்குப் போடலாம். கோகிலா கருவியை நிறுத்தி, திருகுகளைத் திருப்பி, உள்ளே இருக்கிற குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தாள். வெயில் பட்டால் குமிழி நகர்ந்துவிடும், யாராவது குடை பிடிக்க வேண்டும் என்றாள்.

"ஏன், நா என்ன செத்தா போயிட்டேன்?" என்று அத்தை குடையை விரித்தார்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கும் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கோகிலா நகர்ந்து இடம் கொடுத்தாள். அத்தை ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தவர், திடுக்கிட்டுப் பின்னால் வந்தார்.

"ஏ புள்ள, அந்தப் பய தலகீழா நிக்கிறான்!"

"அப்படித்தான் தெரியும் அத்த. இந்தக் கருவி அப்படி."

அத்தை குடைக்கு வெளியே தலையை நீட்டி, தூரத்தில் வேர்த்து வடிந்துகொண்டு நேராக நிற்கும் பால்பாண்டியைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கண்மாயைச் சுற்றி முழு வட்டம் போக வேண்டியிருந்தது. மடையின் மேல் உள்ள கல்லில் தொடங்கி, வளைந்து போய், அதே கல்லுக்குத் திரும்ப வேண்டும். முக்கால்வாசி முடிந்திருந்தது. கோகிலா கருவியைப் புது இடத்தில் நிறுத்தி முதல் ரீடிங்கைச் சொல்லி நான் எழுதி முடித்ததும், கரிசலிலிருந்து ஒரு சூறைக்காற்று சுழன்றுகொண்டு எழும்பியது. மண்ணும் சருகும் ஆள் உயரத்துக்கு மேலே சுற்றிக்கொண்டு எங்களை நோக்கியே வந்தது. அத்தையின் குடையை அது இழுத்தது. அவர் குடையை விட்டுவிட்டு, சாய்ந்த முக்காலியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். கோகிலா மறுபக்கம் தாங்கினாள். நான் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

காற்று போனபின் பார்த்தால் கருவி பத்திரமாக இருந்தது. அத்தை அதை மடியில் போட்டுக்கொண்டு வேலிக்கருவைப் புதருக்குள் உட்கார்ந்திருந்தார். இடது முழங்கையில் முள் ஏறி ரத்தம் வழிந்தது. "ஒடையல. ஒடையலல்ல? பாரு" என்றுதான் முதலில் கேட்டார்.

முள்ளை நான் பிடுங்கினேன். நர்ஸ் மகள் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. பால்பாண்டி ஓடி வந்து நடந்ததைப் பார்த்தான்.

"கருவி அசஞ்சு போச்சு. இந்த எடத்து ரீடிங் செல்லாது" என்றாள் கோகிலா. "நாம பழைய இடத்துல வச்ச முளைக்குச்சியையும் காத்து பிடுங்கிருச்சு. கலுங்குல இருந்து திரும்ப எடுக்கணும்."

கலுங்கு, அதாவது மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கல்கட்டு, கண்மாயின் அடுத்த கோடியில் இருந்தது; அசையாத கல்லில் நாங்கள் கடைசியாக அளவு எடுத்த இடம் அதுதான். பால்பாண்டி வெயிலைப் பார்த்தான். "எதுக்கு? மடைக்கல்லு உசரம் தெரியும்ல. கணக்கு சரியா வார மாதிரி நடுவுல நாலு நம்பரப் போட்டுக்குவோம். எல்லாப் பயலும் அப்படித்தான் செய்றான்."

"நீ வேணா போ. நா எடுத்துட்டு வாரேன்."

முழங்கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த அத்தை கேட்டார்: "பொய்யா எழுதினா என்ன ஆகும்டி? கல்லூரிக்காரங்க கண்டுபிடிச்சிருவாகளா?"

"கண்டுபிடிக்க மாட்டாக அத்த. ஆனா நாளைக்கு இத நம்பி ஒருத்தரு மடை கட்டினா, அது ஒசந்து போயிரும். கண்மாயில தண்ணி கெடக்கும், கடைசி வயலுக்கு ஏறாது."

"நாளைக்கு நீ எங்கடி இருக்கப் போற, மடை கட்ட?" என்றார் அத்தை. சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் தணிந்துவிட்டது. ஆவணி எங்கள் மூன்று பேருக்கும் ஞாபகம் வந்தது.

கோகிலா முக்காலியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு கலுங்கை நோக்கி நடந்தாள். அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனார். நான் போனேன். கொஞ்சம் பிந்தி பால்பாண்டியும் முணுமுணுத்துக்கொண்டு ஸ்டாஃபைத் தூக்கி வந்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் மடைக்கல்லுக்கு வந்து சேர்ந்தோம். வீரபத்திரன் சார் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். தொடங்கிய அளவுக்கும் முடிந்த அளவுக்கும் நகக்கண் அளவுகூட வித்தியாசம் இல்லை. அன்று எந்தக் குழுவுக்கும் அப்படி அமையவில்லை. "க்ளோஸ் ஆயிருச்சும்மா" என்று சார் சொன்னபோது கோகிலா கல்லின் மேலேயே உட்கார்ந்து, சட்டைக் கையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அத்தனை நாள் அழாதவள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கேம்ப் முடிந்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். சின்னத்துரை மாமா கூட்டிப்போக வந்திருந்தார். தகரப்பெட்டியை அவர் கையில் கொடுத்ததும் அத்தை சொன்னார்:

"அண்ணே, ஆவணியில கல்யாணம் வேண்டாம்."

மாமா முகம் வெளுத்துப் போனது. "ஏம்மா, புள்ள எதும் தப்பு..."

"ஒரு தப்பும் இல்ல. அவ படிச்சு முடிக்கட்டும். எங்க வீட்டுல பொறுத்தாப் பொறுக்கட்டும். இல்லன்னா மணிக்கு வேற எடம் பாத்துக்கிறேன்."

"தாயி, நீதானே இத்தன வருசமா..."

"நாந்தான் கேட்டேன். நாந்தான் வேண்டாம்ங்கேன். வெயில் ஏறுது, பஸ்ஸப் பாருங்க."

பாலவனத்தத்தில் பொறுக்கவில்லை. அத்தை எத்தனை பேச்சுக் கேட்டார் என்று கோகிலாவுக்குப் பிறகு அரைகுறையாகத் தெரிய வந்தது. அண்ணன் மகளை மருமகளாக்கிக்கொள்வது அவருடைய ஆசை, பிடிவாதம், எல்லாமே. அதைத் தன் கையாலேயே விட்டுவிட்டு, தையில் மணிகண்டனுக்குக் கமுதிப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிவைத்தார். கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். வந்தவர்களிடம் எல்லாம், "இவ எங்கண்ணன் மக, இது அவ சேத்தாளி, ரெண்டு பேரும் எஞ்சினியருக்குப் படிக்காக" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டே திரிந்தார்.

அடுத்த வருடம் படிப்பு முடிந்தது. கோகிலா பொதுப்பணித் துறையில் சேர்ந்தாள். கண்மாய்களும் அணைக்கட்டுகளும்தான் அவள் வேலை. கூட வேலை பார்த்த ஒருவரையே விரும்பிக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்தில் தாம்பூலத்தட்டை எடுத்துக்கொடுத்தது வெள்ளைத்தாய் அத்தை. நான் பாலிடெக்னிக்கில் சர்வே சொல்லிக்கொடுக்கப் போனேன்.

தொண்ணூற்றாறில் மணிகண்டன் பாலவனத்தத்தில் புது வீடு கட்டினான். பிளான் போட்டது கோகிலா. பால்காய்ச்சுக்கு நானும் போயிருந்தேன். அத்தை அப்போது விதவையாகி, உடம்பு இளைத்து, வந்தவர்களைக் கவனித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். ஒரு கணம் தனியாக அகப்பட்டபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அத்த, நீங்க அன்னைக்கு வரலன்னா நானும் மரத்தடியிலயே உக்காந்து எழுதிட்டுப் போயிருப்பேன். இன்னைக்கு எங்கிட்ட படிக்கிற பிள்ளைகள நா வெயில்ல நிறுத்துறேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

அத்தை கையை உருவிக்கொள்ளவில்லை.

"போடி கிறுக்கி. எனக்குக் கல்யாணமானது பதினேழு வயசுல. அன்னையில இருந்து இன்னை வரைக்கும் நா அடுப்புக்கு முன்னாடி நிக்காத நாளு அந்தக் கேம்பு நாளுதான். உங்க சமையக்காரரு பொங்கிப் போட்டாரு, நா ஒக்காந்து தின்னேன். சாயங்காலம் கண்மாய்க் கரையில காத்து வாங்கிக்கிட்டு உங்களோட நடந்து வந்தேன். ஊரு ஒலகத்துல யாரும் என்னத் தேடல. நன்றி நாந்தான் சொல்லணும், உங்க ரெண்டு பேருக்கும்."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டவர் போலச் சிரித்தார். உள்ளேயிருந்து யாரோ பாயசத்துக்குச் சர்க்கரை எங்கே என்று கூப்பிட்டார்கள். "வாரேன், வாரேன்" என்று குரல் கொடுத்தார். ஆனால் உடனே போகவில்லை. என் கையைப் பிடித்தபடியே புது வீட்டுச் சுவரோரம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்.