மகேன் பாஸ் வரவில்லை

மகேந்திரனின் அட்டையில் 'நெட்வொர்க் இன்ஜினியர்' என்று அச்சடித்திருக்கும். ஏணி கட்டிய வெள்ளை வேனில் செனாவாங்கிலிருந்து கிளம்பி, தோட்டம் தோட்டமாகப் போய், கூரையில் ஏறி ஒயர் இழுத்து, எலி கடித்த இடத்தை ஒட்டிவிட்டு வருகிற வேலைக்கு அது கொஞ்சம் பெரிய பெயர்தான். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் எங்கே போனாலும் அட்டையை நீட்டிய பிறகுதான் ஏணியை இறக்குவான்.

அந்த செவ்வாய்க்கிழமை காலை அவன் லிங்கி ஆற்றங்கரையில் இருக்கும் புக்கிட் செராய் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தோட்ட ஆபீசில் அவன் ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்தினான். பிஸ்கட் டின் மூடி அளவுதான் இருக்கும். தோட்டத்தில் இருக்கிற கேமரா, கம்ப்யூட்டர், கைபேசி எதுவானாலும் அந்தப் பெட்டியில் பெயர் பதிந்திருந்தால்தான் இன்டர்நெட் லைன் கிடைக்கும். மொத்தம் ஐம்பது பெயருக்குத்தான் இடம். ஐம்பத்தோராவதை உள்ளே விடாது.

இப்போது அந்த ஐம்பதும் நிறைந்துவிட்டது. மகேந்திரனைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி. நீலாயில் இருந்த அவன் முதலாளி தங்கராஜு முந்தின நாள்தான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"இருநூறு இடம் உள்ள பெரிய பெட்டிக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள அங்க ஆர்டர் வாங்கணும். வாங்கலன்னா தோட்ட ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு உன்னை ஸ்டோர்ல போட்டுருவேன். மூனு மாசமா நீ ஒன்னும் விக்கல லா."

ஸ்டோர் என்றால் ஜன்னல் இல்லாத அறை. எட்டிலிருந்து ஐந்து வரை திருகாணி பிரிக்கிற வேலை. வேன் கிடையாது, நினைத்த இடத்தில் நிறுத்தித் தேத்தாரே டீ குடிக்கிற சுதந்திரம் கிடையாது. நாற்பத்து நான்கு வயதில் மகேந்திரனுக்கென்று இருந்த ஒரே ராஜ்யம் அந்த வேன்தான்.

கூடவே நிரப்பிக் கொண்டுவரச் சொல்லிக் கம்பெனி ஒரு பாரமும் கொடுத்திருந்தது. வாடிக்கையாளர் பெட்டியை எப்படிப் பயன்படுத்துகிறார், எத்தனை சாதனம் பதிந்திருக்கிறது, அளவை எட்டியிருந்தால் காரணம் என்ன என்று மூன்று கேள்விகள். மூன்றாவதற்கு அவன் வழியிலேயே பதில் எழுதிவிட்டான்: 'வாடிக்கையாளரின் முறையற்ற பயன்பாடு'. பேனாவில், நல்ல கையெழுத்தில். எஸ்டேட்காரர்களைப் பற்றி அவன் வைத்திருந்த அபிப்பிராயத்துக்குப் பென்சில் தேவைப்படவில்லை.

ஆபீசுக்கு முன்னால் இருந்த பெரிய மழைமரத்தடியில் வழக்கம்போல வேனை நிறுத்தினான். அந்தப் பள்ளத்தில் கைபேசிக்கு சிக்னல் சுத்தமாகக் கிடையாது. அதற்கு அவன் பெட்டியைப் பொருத்திய அன்றே வழி செய்து வைத்திருந்தான். பொருத்துகிறவனுக்கென்று ஒரு தனிப் பாஸ்வேர்டு உண்டு. அதைப் போட்டால் யாரையும் கேட்காமல் பெட்டி உள்ளே விட்டுவிடும். மாதா மாதம் பராமரிப்பு என்று வருகிறவன், முதலில் இந்த மரத்தடியில் ஒரு மணி நேரம் மீன்பிடிக்கிற வீடியோ பார்ப்பான். பிறகு உள்ளே போய்ப் பெட்டியின் தூசியைத் துடைப்பான். அதுதான் பராமரிப்பு.

இன்றைக்குப் பாஸ்வேர்டைப் போட்டான். 'இடமில்லை' என்று வந்தது.

மறுபடி போட்டான். மறுபடியும் இடமில்லை. அவன் பொருத்திய பெட்டியே அவனை வாசலில் நிற்க வைத்ததில் மகேந்திரனுக்குக் கோபம் வந்தது. கண்டதையெல்லாம் உள்ளே சேர்த்து என் இடத்தையும் அடைத்துவிட்டார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே பாரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

உள்ளே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி விமலா மேசையில் இருந்தார். ஐம்பத்தைந்து வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. தோட்டத் துரை கோலாலம்பூர் கூட்டத்துக்குப் போயிருந்ததால் கையெழுத்துப் போடும் அதிகாரம் அன்றைக்கு அவரிடம் இருந்தது. மூலையில் ஒரு பெஞ்சில் பம்ப் ஹவுஸ் காவலர் முனியாண்டி, பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. ரெண்டு மாசமா ஆளையே காணோமே," என்றார் விமலா.

வேண்டுமென்றேதான் வரவில்லை. பெட்டி நிறைந்துவிட்டது என்று அவர் மூன்று முறை கூப்பிட்டபோதும், பெரிய பெட்டி வாங்குங்கள் என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டான். கொஞ்சம் கஷ்டப்பட்டால்தானே வாங்குவார்கள். வியாபாரத்தில் அதற்கு ஒரு நல்ல பெயர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"வேலை ஜாஸ்தி அக்கா," என்றவன் இருமிக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பித்தான். ஒரு பெட்டிக்கு ஒரு அளவு உண்டு, அளவு தெரிந்து பயன்படுத்த வேண்டும், கண்ட ஆள் கைபேசியையும் சேர்க்கக் கூடாது, இது பெரிய ஊர்களில் படித்தவர்கள் செய்கிற தவறு அல்ல என்றெல்லாம் பேசினான். விமலா கண்ணாடிக்கு மேலால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் யாரையும் சேர்க்கல தம்பி. தினம் பெரட்டு எடுக்கிறேன். வேணும்னா பாருங்க."

காலையில் வேலைக்கு முன் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். முப்பது வருடமாக ஆட்களுக்குப் பெரட்டு எடுத்த விமலா, பெட்டி வந்த பிறகு அதற்கும் எடுக்க ஆரம்பித்துவிட்டார். தினம் காலை ஏழு மணிக்குத் திரையில் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லி, அது லைனில் இருந்தால் ஒரு கோடு, இல்லாவிட்டால் 'வரவில்லை'. அதற்கென்று செக்ரோல் என்கிற நீளமான வருகைப் புத்தகம் ஒன்று. மகேந்திரன் தன் வாழ்நாளில் எந்த வாடிக்கையாளரும் இவ்வளவு ஒழுங்காக ஒரு பெட்டியைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

அவர் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"நிறுவைக் கேமரா. இருக்கு. கேட்டுக் கேமரா. இருக்கு. ஆயாக்கொட்டகை, டிஸ்பென்சரி, துரையோட போன், என் கம்ப்யூட்டர், எல்லாம் சேர்த்து இருபத்தேழு. அதுக்குக் கீழ இருக்கே, இதுதான் எனக்கு விளங்கல. எப்பவும் வராது. மாசத்துக்கு ஒன்னு புதுசா முளைக்கும்."

மகேந்திரன் குனிந்து பார்த்தான். மகேன் பாஸ். வரவில்லை. மகேன் பாஸ். வரவில்லை. மகேன் பாஸ். அவன் கைபேசிக்கு அவனே ஆசையாக வைத்த பெயர். இருபத்து மூன்று வரி.

அவனுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. தங்கராஜு தன்னைப் பின்தொடர்ந்து பார்த்துவிடக் கூடாதே என்று அவன் கைபேசியில் மறைவு வசதியைப் போட்டு வைத்திருந்தான். அதைப் போட்டால் ஒவ்வொரு முறையும் கைபேசி புது ஆள் மாதிரி வேறு அடையாளத்தோடு போய் நிற்கும். அவன் ஒவ்வொரு முறை மீன் வீடியோ பார்த்தபோதும் பெட்டி அவனைப் புது ஆள் என்று நம்பி ஒரு நிரந்தர இடம் கொடுத்திருக்கிறது. பாதிப் பெட்டியை அவனே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன் அக்கா இதை நீங்க வெட்டல?" என்று கேட்டான். குரல் மெலிந்திருந்தது.

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, இதுல எதையும் வெட்டாதீங்க, இன்ஜினியர்தான் வெட்டணும்னு. பேர் வேற உங்க பேரா இருக்கா, சரி, கம்பெனிக்காரங்க பெட்டியைக் கவனிக்க வச்ச சாமானா இருக்கும்னு விட்டுட்டேன். அப்படித்தானே?"

அப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மேசையில் பெரிய பெட்டிக்கான ஆர்டர் தாள் தயாராக இருந்தது. அதன்மேல் பேனாவும் இருந்தது. துரை கேட்டால் சொல்வதற்கு அவரிடம் காரணமும் இருந்தது, அதையும் அவரே எடுத்துக் கொடுத்திருந்தார். மகேந்திரன் தலையை ஆட்டத் தயாராகி, பாதி ஆட்டியும் விட்டான்.

"புதுப் பெட்டி வந்தா இது ஊதுமா பாஸ்?" என்று பெஞ்சிலிருந்து முனியாண்டி கேட்டார்.

மடியிலிருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினார். ஆற்றில் தண்ணீர் ஏறினால் பள்ளத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஊதுகிற சைரன். தோட்ட நிர்வாகம் அதை வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. கறுப்புப் பெட்டியில் இடமில்லாததால் பதிய முடியாமல் அப்படியே கிடந்தது.

"ஊதும் அண்ணே."

"எப்ப வரும்?"

"மூனு வாரம் ஆகும்."

முனியாண்டி யோசித்தார். "நாளைக்கும் மழைன்னு சொல்றாங்க. போன வாரம் தண்ணி வந்தப்ப நான் பம்ப் ஹவுஸ்ல இருந்தேன். வீட்டுக்கு ஓடிப் போறதுக்குள்ள கட்டிப் போட்டிருந்த ரெண்டு ஆடும் போயிருச்சு. ஆளுங்க தப்பிச்சாங்க. அதுவரைக்கும் சந்தோஷம்தான்." குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு அட்டைப்பெட்டியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

மகேந்திரனுக்கு அந்த ஜன்னலில்லாத ஸ்டோர் கண்ணுக்கு முன்னால் வந்தது. கூடவே கயிறு கட்டிய இரண்டு ஆடுகளும் வந்தன. அவன் நல்லவன் என்று அவனே ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் இந்த இரண்டையும் ஒன்றாக நிறுத்திப் பார்க்க அவனால் முடியவில்லை.

"அக்கா, அது சாமான் இல்ல. என் போன்," என்றான். "மரத்தடியில உக்காந்து வீடியோ பாப்பேன். ஒவ்வொரு தடவையும் புதுசா ஏறியிருக்கு. பெரிய பெட்டி வேண்டாம். இதுவே போதும்."

விமலா ஆர்டர் தாளை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"வெட்டணும்னா முறைப்படி வெட்டணும்," என்றார் விமலா. சிவப்புப் பேனாவை எடுத்தார். "செக்ரோல்ல ஒரு பேரை எடுக்கணும்னா கூப்பிட்டு ஆள் இருக்கானான்னு பாத்துட்டுத்தான் எடுப்போம். நீங்க அந்தப் பக்கம் பட்டனை அமுக்குங்க. மகேன் பாஸ்."

"இருக்கேன்," என்றான் மகேந்திரன். அழித்தான். அவர் கோடு போட்டார்.

"மகேன் பாஸ்."

"இருக்கேன்."

நான்காவது வரை அவன் சிரிக்கப் பார்த்தான். எட்டாவதில் சிரிப்பு நின்றது. பதினைந்தாவதில் நிமிர்ந்து பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது. விமலா ஒன்றையும் தாண்டவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. வேலைக்கு வராமல் பெயர் கொடுத்த ஆளை அவர் முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறார். இருபத்து மூன்றாவதைக் கூப்பிட்டபோது மகேந்திரன் எழுந்து நின்றுதான் பதில் சொன்னான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

சைரனைப் பதிய இரண்டு நிமிடம் பிடித்தது. அதன் பெயரை விமலா இருபத்தெட்டாவதாக எழுதினார்.

ஆபீஸ் போனில் நீலாய்க்குக் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். தங்கராஜு திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி. திங்கக்கிழமை வேன் சாவியைக் கொண்டு வந்து கொடுத்துட்டு ஸ்டோருக்கு வா," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மகேந்திரன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் முனியாண்டி பின்னால் பள்ளத்து லயத்துக்கு நடந்தான். இந்த முறை அட்டையை யாரிடமும் நீட்டவில்லை. கடைசி வீட்டுக் கம்பத்தில் ஏறிச் சைரனைக் கட்டினான். இறங்கி வந்து சோதித்துப் பார்த்தான். சத்தம் லயத்தைத் தாண்டி, செம்பனைக்குள் போய், ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்டது. பிள்ளைகள் வெளியே ஓடி வந்தார்கள். வெறும் முளைக்குச்சி இரண்டு நட்டிருந்த இடத்தில் முனியாண்டி நின்று, அது ஓயும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தான் ஊதுது பாஸ்," என்றார். "ஆளுங்களுக்கு மட்டுமில்ல, ஆட்டுக்கே கேட்டிருக்கும்."

"பாஸ்னு கூப்பிடாதீங்க அண்ணே," என்றான் மகேந்திரன்.

வேனுக்குத் திரும்பியதும் பாரத்தை எடுத்தான். மூன்றாவது கேள்விக்கு எழுதியிருந்த பதிலை அடித்தான். பேனாவில் எழுதியதால் அடித்தும் நன்றாகவே படிக்க முடிந்தது. அதற்குக் கீழே, பெட்டியைப் பொருத்தியவன் தன் கைபேசியை இருபத்து மூன்று முறை ஏற்றிவிட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பதவி என்ற இடத்தில் 'இன்ஜி' என்று எழுதிய பிறகுதான் நினைவு வந்தது. அதையும் அடித்துவிட்டு 'ஸ்டோர்' என்று எழுதி, விமலாவிடம் முத்திரை வாங்க உள்ளே போனான்.