ஓடையை மறித்த சுவர்

புயல் ஏற்காட்டு மலையில் கொட்டிய மழை, மத்தியான வேளையில் ஆட்டையாம்பட்டிக்கு வந்து இறங்கியது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியதும் ஷம்ஷாத்தின் தம்பி இம்தியாஸ், தறி மோட்டாரைக் கழற்றி மேலே வைக்கப் பட்டறைக்குள் ஓடினான். ஊறிப்போயிருந்த மண்சுவர் அப்படியே சரிந்து அவன் மேல் விழுந்தது. "அக்கா" என்று ஒருமுறைதான் கத்தினான். அதற்குள் தண்ணீர் அவன் வாயை மூடிவிட்டது. ஷம்ஷாத் வெறுங்கையால் மண்ணையும் கல்லையும் பிய்த்து எறிந்தாள். நகம் பெயர்ந்து தொங்கியது கூட அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தறி மெக்கானிக் சவரியார் கடப்பாரையோடு வந்து நெம்பியபோது இம்தியாஸிடம் மூச்சு இல்லை.

அந்த வெள்ளம் தெருவுக்குள் வந்திருக்கவே வேண்டியதில்லை. திருமணிமுத்தாற்றுக்குப் போகும் ஓடையை மறித்து, நவநீதகிருஷ்ணன் என்பவர் தன் நூல் குடோனுக்குச் சுவர் எழுப்பியிருந்தார். அதில் முட்டிய தண்ணீர்தான் திரும்பித் தெருவில் ஏறியது.

தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாளே ஷம்ஷாத் மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். சும்மா உட்கார்ந்தால் அந்தக் கத்தல் காதில் விழுந்தது. தெருவே சேறு அள்ளியது. பள்ளிவாசல் வாசலில் எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சமையல் நடந்தது. நனைந்த மோட்டார்களை மாதா கோயில் மாடியில் காயவைத்து, சவரியார் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சரிசெய்தார். தறிச்சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கிய வாரத்தில், கடலில் இன்னொரு புயல் உருவாகியிருப்பதாகச் செய்தி வந்தது. சுவரைப் பற்றி ஆபீஸ் ஆபீஸாக ஏறியும் "பார்க்கலாம்" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

"ஒவ்வொரு மழைக்கும் பொணந்தூக்கிச் சேறு அள்ளிட்டே இருக்கறதுங்களா? செவுத்த நாமளே ஒடச்சுப்போடலாம்" என்றாள் ஷம்ஷாத்.

"அந்தாளு அடியாளுங்கள ஏவுவான், அம்மிணி. ரத்தம் பாக்கோணும்" என்றார் சவரியார்.

"நான் பாத்துட்டனுங்கண்ணா."

தூறல் விழுந்த காலையில் தெருவே சம்மட்டியும் கடப்பாரையுமாகப் போனது. சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்த நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. இரும்புக் குழாய்களோடு ஆட்கள் குதித்தார்கள். முதல் அடி சவரியாரின் மண்டையில் விழுந்தது. அவர் மடங்கிச் சேற்றில் விழுந்தார். குறுக்கே ஓடிய அவர் மனைவி ஜெபமலரை ஒருவன் முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துச் சுவரில் மோதினான். இன்னொருவன், விழுந்து கிடந்த சவரியாரின் மேல் மறுபடி குழாயை ஓங்கினான்.

ஷம்ஷாத் சம்மட்டியை வீசினாள். அவன் முழங்கை நொறுங்கிய சத்தம் அவள் கைப்பிடி வரைக்கும் ஏறியது. அவன் அலறிக்கொண்டு விழுந்தான். அவள் நிறுத்தவில்லை. தோளில் இன்னொன்று போட்டாள். அடுத்ததைத் தலைக்குக் குறிவைத்தபோது, முகமெல்லாம் ரத்தமாக இருந்த ஜெபமலர் பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்தாள்.

"போதும் ஷம்ஷாத்து, செத்துருவான்!"

அவன் செத்தால் என்ன என்றுதான் ஷம்ஷாத்துக்கு அப்போது தோன்றியது.

மழை வலுத்தது. ஓட்டையில் புகுந்த தண்ணீர் சுவரை அறுத்தது. கொஞ்ச நேரத்தில் சுவர் இடியோசையோடு சாய்ந்து, வெள்ளம் ஆற்றுப்பக்கம் பாய்ந்தது. வந்தவர்கள் அடிபட்டவனை விட்டுவிட்டு வேனில் ஏறி ஓடினார்கள். தெருக்காரர்கள் அவனையும் சவரியாரையும் ஒரே லோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் பெயர் செந்தமிழன். ஓமலூர்ப் பக்கத்தில் தறி ஓட்டுகிறவன். அவன் வேலை செய்த பட்டறையும் வெள்ளத்தில் முழுகிப்போக, ஒருநாள் கூலிக்கு வந்திருந்தான்.

அந்தப் புயலில் தெருவுக்குள் தண்ணீர் ஏறவில்லை. ஊரே சேர்ந்து ஓடைக்கரைக்குக் கல் அடுக்கியது. மழைக்காலத்தில் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். சவரியார் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு கண் போய்விட்டது. இரு தரப்பின் மேலும் வழக்கு விழுந்தது.

கோர்ட் வராந்தாவில் ஷம்ஷாத் செந்தமிழனைப் பார்த்தாள். கை கோணலாக மடங்கியிருந்தது.

"தறி ஓட்ட முடியுதா, சாமி?"

"முடியலீங்க."

"எங்க பட்டறைல தார்க்குச்சில நூல் சுத்தற வேல இருக்குது. ஒத்தக் கையிலயே பாத்துக்கலாம். வாரயா?"

அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்: "உங்களப் பாத்தாலே எனக்கு ஒடம்பு நடுங்குதுங்க. நான் வல்லீங்க."

உள்ளே ஷம்ஷாத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.